அண்ணல் அம்பேத்கரும் கல்விச்சாலை வாயிலும்



புனே நகரிலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில் தேகு ரோடு என்னும் நிலையமும், அதற்கு அப்பால் சில மைல் தொலைவில் தளேகாவ் என்னும் ஊரும் உள்ளன. தேகு ரோட்டிலுள்ள படைத்துறைக் கிடங்கில் வேலை தேடித் தமிழகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்கள் இரங்கூனிலிருந்து வந்த புத்தர் திருவுருவை 1954 டிசம்பர் 25 அன்று தம் கையால் நிறுவிய விகாரையும் அங்கேதான் உள்ளது. தளேகாவில் அவர் நிலம் வாங்கி, வீடு கட்டி, ஓய்வு வேண்டியபோது வந்து தங்கினார். அவ்வீட்டைக் காணச் செல்லும் நம்மவர் பலர்.

சென்ற மழைக்காலத்தில் தளேகாவில் தம்ம உரை நிகழ்த்திவிட்டு நாம் புறப்படும் வேளையில், தமிழர் ஒருவர் நம்மை அணுகினார். அவருடைய மகள் ஒரு கல்லூரியில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. உடன் பயிலும் சிலர், அவள் தகுதியால் வந்தவள் அல்லள், ஒதுக்கீட்டால் வந்தவள் என்று முகத்துக்கு நேரே கூறினார்களாம். அன்று முதல் அப்பெண் வகுப்பில் வாய் திறப்பதில்லையாம். அவளுக்கு யாது சொல்வது, ஐயா, என்று அத்தந்தையார் கேட்டார். நின்ற நிலையில் ஒரு சொல்லில் விடை கூறும் வினா அன்று அது. பாபாசாகேப்பின் வாழ்க்கையையே விடையாகச் சொல்ல வேண்டும் என்று எண்ணி, அவரிடம் அன்று சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் இங்கு எழுதுகின்றோம்.

1891 ஏப்ரல் 14 அன்று மத்திய இந்தியாவிலுள்ள மௌ என்னும் படைத்தளத்தில் பிறந்தவர் பீமராவ். தந்தையார் ராம்ஜி, படையில் சுபேதாராகவும் படைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தவர். படையில் இருந்தமையால் எழுத்தறிவு பெற்ற குடும்பம் அது. 1900 நவம்பர் 7 அன்று சதாராவிலுள்ள சர்க்கார் பள்ளியில் பீமராவ் சேர்க்கப்பட்டார். மகாராஷ்டிரத்தில் அந்நாள் 2017 முதல் மாணவர் தினமாகக் கொண்டாடப்பெறுகின்றது. பள்ளியின் பதிவேட்டில் பெயர் ஏறிற்றே தவிர, வகுப்பறையில் இடம் கிடைக்கவில்லை. ஏனைய பிள்ளைகளிடமிருந்து விலகி, வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற சாக்குத்துணியின் மேல் அவர் அமர வேண்டியிருந்தது. மாலையில் அச்சாக்கினையும் சுமந்துகொண்டு வீடு திரும்புவார். தண்ணீர்க் குழாயைத் தொடும் உரிமை அவருக்கில்லை. பள்ளிச் சேவகன் திறந்துவிட்டால் குடிக்கலாம். சேவகன் வராத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும்.

பின்னர் அக்குடும்பம் பம்பாய்க்கு வந்தது. பரேல் என்னும் ஆலைப்பகுதியில், தொழிலாளர் வாழும் வரிசைக் குடியிருப்பில், ஒரே அறையில் வாழ்ந்தனர். சமையலும் உறக்கமும் அவ்வறையிலேயே. தந்தையார் நள்ளிரவுக்குப் பின்னும் விழித்திருந்து, இரண்டு மணிக்கு மகனை எழுப்பிப் படிக்கச் செய்துவிட்டே தாம் படுப்பாராம். பீமராவ் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றார். வடமொழி கற்க விரும்பினார். தீண்டப்படாத குலத்தவனுக்கு அம்மொழி கற்பிக்கப்படமாட்டாது என்பதால் பாரசீகத்தைப் பாடமாக ஏற்றார். இங்ஙனம் படித்து, 1907-ஆம் ஆண்டில் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அவர் பெற்ற மதிப்பெண் 750-க்கு 282.

அன்பர்களே, இந்த எண்ணை நினைவில் இருத்துங்கள். நூற்றுக்கு நாற்பதைக்கூட எட்டாத எண் இது. பிற்காலத்தில் உலகின் பேரறிஞர் வரிசையில் வைத்து எண்ணப்பெற்ற ஒருவர், மதிப்பெண் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு நிறுத்தப்பட்டிருப்பின் எந்த உயர்கல்விக் கூடத்தின் வாயிலில் நின்றிருப்பார்? அந்த 282-க்குள் சாக்குத்துணி உண்டு. பூட்டிய தண்ணீர்க் குழாய் உண்டு. மறுக்கப்பட்ட பாடம் உண்டு. ஓரறையில் நள்ளிரவு விளக்கு உண்டு. அவற்றையெல்லாம் கழித்துவிட்டு எண்ணை மட்டும் காண்பவர், அறிவை அளந்ததாக எண்ணிக்கொண்டு வசதியை அளந்து முடிக்கின்றனர்.

நாம் ஆலையில் பணி செய்த காலத்தில் கண்டது ஒன்று. கார்டிங்கில் செவ்வனே சிக்கெடுக்கப்படாத பஞ்சு ஸ்பின்னிங்குக்கு வந்தால் நூல் நொடிக்கொருமுறை அறும். கார்டிங்கில் நேர்ந்த குறையைக் கணக்கில் எழுதுவார் இலர். அறுந்த நூலை ஒட்ட ஓடுகின்றவர் மேல்தான் பழி விழும். தகுதியைப் பற்றிய வழக்கும் இத்தகையதே.

மெட்ரிகுலேஷன் தேறிய மகிழ்ச்சியில் அவ்வட்டாரத்தார் ஒரு பாராட்டுக் கூட்டம் கூட்டினர். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் அக்கூட்டத்தில், தாம் மராத்தியில் எழுதிய பகவான் புத்தரின் வரலாற்று நூலை அம்மாணவருக்குப் பரிசாக அளித்தார். அவர் கையில் புத்தர் வரலாறு முதன்முதல் வந்து சேர்ந்த நிகழ்ச்சி அதுவே. மேற்படிப்புக்குப் பொருளின்றித் தந்தையார் தவித்தபோது, அதே கேலுஸ்கர் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அவர்களிடம் பேசி, மாதம் 25 ரூபாய் உபகாரச் சம்பளம் கிடைக்கச் செய்தார். அதைக்கொண்டு எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1913-இல் அம்மன்னரே அவரை அமெரிக்காவிற்கு அனுப்பினார். 282 மதிப்பெண் பெற்ற ஏழை மாணவருக்கு வாயில் திறந்தது இரண்டு நல்லோரின் தயவால். அவ்விருவருள் ஒருவர் அக்கூட்டத்திற்கு வாராதிருந்தால் யாது நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது நம் உள்ளம் நடுங்குகின்றது.

வாயில் திறந்தபின் அவர் செய்தது யாவரும் அறிந்ததே. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1915-இல் எம்.ஏ. தேறினார். பிற்காலத்தில் அப்பல்கலைக்கழகமே அவருக்கு டாக்டர் பட்டம் அளித்தது. லண்டனில் 1921-இல் எம்.எஸ்ஸி., 1923-இல் டி.எஸ்ஸி. ஆகிய பட்டங்களைப் பெற்றதோடு பாரிஸ்டரும் ஆனார். அந்த நியூயார்க்கில் பல்கலைக்கழகத்தை அடுத்தே கறுப்பின மக்கள் வாழும் ஹார்லெம் பகுதி உள்ளது. அந்நாட்டின் தென்மாநிலங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப்பள்ளி என்பதே அன்றைய சட்டம். நம் நாட்டில் ஜாதி செய்ததை அங்கு இனம் செய்தது. கறுப்பின மக்களின் அறிஞராகிய டூபாய்ஸ் அவர்களுக்குப் பாபாசாகேப் 1946-இல் கடிதம் எழுதி, அம்மக்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அனுப்பிய விண்ணப்பத்தின் படியைக் கேட்டதும் உண்டு.

தகுதி ஒன்றிருந்தால் எல்லாம் தாமே வரும் என்று கூறுவோர் 1917-ஆம் ஆண்டைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவிலும் லண்டனிலும் பயின்று திரும்பிய இளைஞர், மன்னருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தப்படி பரோடா அரசில் உத்தியோகம் ஏற்கச் சென்றார். அந்நகரில் அவருக்குக் குடியிருக்க ஓர் அறை தருவார் இல்லை. பார்சிகளின் விடுதியொன்றில் தம் குலத்தைச் சொல்லாது தங்கினார். செய்தி வெளியாயிற்று. தடிகளோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினர். அலுவலகத்தில் சேவகர்களும் காகிதக் கட்டுகளைத் தூரத்திலிருந்து வீசி எறிந்தனர். பட்டங்கள் அனைத்தும் பெட்டியில் இருக்க, அவர் ஒரு பூங்காவின் மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் வடித்தார். மறு ஆண்டில் பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதும், பொதுப் பானையில் அவர் நீர் அருந்துவதைச் சில பேராசிரியர்கள் ஆட்சேபித்தனர். தகுதி இல்லை என்று கதவடைத்தவர்கள், தகுதி வந்தபின் வேறு காரணம் கூறிக் கதவடைத்தனர். தகுதி என்னும் சொல் அவர்களுக்கு ஒரு தாழ்ப்பாளாக மட்டுமே பயன்பட்டது.

தயவால் திறக்கும் வாயில் தயவு நீங்கினால் மூடிவிடும் என்பதைத் தம் உடம்பால் உணர்ந்தவர் பாபாசாகேப். ஆதலால் தம் ஒருவருக்குக் கிடைத்த தயவைத் தம் மக்கள் அனைவர்க்கும் உரிமையாக்குவதே அவர் வாழ்நாட்பணி ஆயிற்று. 1924-இல் பஹிஷ்கிருத ஹிதகாரிணி சபையை நிறுவினார். மறு ஆண்டில் அச்சபை சோலாப்பூரில் மாணவர் விடுதி திறந்தது. 1932 செப்டம்பர் 24 அன்று, தளேகாவுக்கு அணித்தான புனே நகரின் எரவாடாச் சிறையில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித்தொகுதியை இழந்து பெற்ற அவ்வொப்பந்தத்தைப் பற்றி அவருக்கு மனக்குறை நீங்கியதேயில்லை. எனினும் அதன் இறுதிப் பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு மாகாணத்திலும் கல்விக்குரிய பணத்தில் தாழ்த்தப்பட்டோர் கல்விக்குப் போதிய தொகை தனியே ஒதுக்கப்பட வேண்டும் என்பது அப்பகுதி. நம் தமிழகத்து இரட்டைமலை சீனிவாசனாரும் எம்.சி. ராஜாவும் அதில் கையெழுத்திட்டோர் ஆவர்.

1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாக சபையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், தாழ்த்தப்பட்ட மாணவர் மேற்படிப்புக்கு மத்திய சர்க்காரின் உபகாரச் சம்பளத்தைப் பெற்றுத் தந்தார். 1944-இல் தொடங்கிய அத்திட்டம் இன்றளவும் பல உருவில் நடைபெறுகின்றது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். அக்கழகம் 1946-இல் பம்பாயில் தொடங்கிய கல்லூரிக்குச் சித்தார்த்தர் பெயரையும், 1950-இல் அவுரங்காபாத்தில் தொடங்கிய கல்லூரிக்கு, நாகசேன தேரரை வினவித் தெளிந்த மிலிந்த மன்னன் பெயரையும் சூட்டினார். இரண்டிலும் எல்லா ஜாதியாரும் சேரலாம். தமக்கு அடைக்கப்பட்ட வாயிலைப் பிறர்க்கு அடைக்க அவர் நினைத்தவர் அல்லர்.

இனி நம் தமிழகத்து வழக்கைக் காண்போம். கல்விச்சாலையில் நம் முன்னோர் வாயில் தேடியது நெடுங்கதை. பண்டிதர் அயோத்திதாசர் காலத்தில், 1894-இல், கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 1920-களில் நீதிக்கட்சியாலும், அதன்பின் வந்த அமைச்சரவையாலும் வகுப்புவாரி உத்தரவு உருவாயிற்று. அது கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்தது. விடுதலைக்குப் பின், மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்க்கு 2, தாழ்த்தப்பட்டோர்க்கு 2, ஆங்கிலோ இந்தியர்க்கும் இந்தியக் கிறிஸ்தவர்க்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று இடங்கள் பகுக்கப்பட்டன.

1950-இல் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் இவ்வுத்தரவை எதிர்த்துச் சென்னை ஐகோர்ட்டில் இருவர் வழக்குத் தொடுத்தனர். ஒருவர் செண்பகம் துரைராஜன் என்னும் அம்மையார். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே செய்திருக்கவில்லை என்பது வழக்கிலேயே வெளிப்பட்டது. மற்றொருவர் சி.ஆர். சீனிவாசன். அவர் பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தவர்; 450-க்கு 369 மதிப்பெண் பெற்றவர். அவர் நன்கு பயின்ற இளைஞரே. அவர்பால் நமக்குப் பகைமை இல்லை. இடம் கிடைக்காத துயரமும் துயரமே. அவருக்காக வாதாடிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் பாபாசாகேப்போடு அமர்ந்தவர். 1950 ஜூலை 27 அன்று ஐகோர்ட்டு உத்தரவைத் தள்ளிற்று. 1951 ஏப்ரல் 9 அன்று சுப்ரீம் கோர்ட்டும் அதனை உறுதி செய்தது. உத்தியோகத்தில் ஒதுக்கீடு செய்ய அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கல்லூரிச் சேர்க்கைக்கு அத்தகைய பிரிவு இல்லை. அந்த இடைவெளியே தீர்ப்புக்கு அடிப்படையாயிற்று.

தமிழகம் கொந்தளித்தது. பெரியாரின் திராவிடர் கழகமும், புதிதாகத் தோன்றிய திராவிட முன்னேற்றக் கழகமும் கிளர்ச்சி செய்தன. மாணவர் தெருவில் இறங்கினர். சென்னையை ஆண்ட காங்கிரஸ் சர்க்காரும் உத்தரவைக் காக்கவே வழக்காடியது. முதற் பொதுத் தேர்தல் அணித்தாக இருந்தது. கட்சிகள் தத்தம் கணக்கையும் பார்த்தே பேசின என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மக்கள் வாக்கை நாடும் அரசியலில் அது இயல்பு. அன்று மத்திய சட்ட மந்திரியாக இருந்தவர் பாபாசாகேப். அவர் காங்கிரஸ்காரர் அல்லர். ஆளுங்கட்சியோடு அவருக்கு மனக்கசப்பு முற்றியிருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே மந்திரி பதவியைத் துறந்தார். ஆயினும் பார்லிமெண்டில் எழுந்து, அத்தீர்ப்பு அரசியல் சட்டத்தின் ஏனைய பிரிவுகளோடு பொருந்தவில்லை என்றும், பிற்பட்டோரை உயர்த்தும் கடமை சர்க்காருக்கு உண்டென்றும் வாதாடினார். 1951 ஜூன் 18 அன்று முதலாவது திருத்தம் சட்டமாயிற்று. 15-ஆம் பிரிவில் நான்காவது உட்பிரிவு அதனாலேயே சேர்ந்தது. இன்று இந்நாட்டில் ஒதுக்கீட்டின் வழியே கல்லூரியில் காலடி வைக்கும் பிள்ளைகள் பலர் அவ்வுட்பிரிவின் வாயிலாக நுழைகின்றனர். ஓர் ஆசிரியரின் பரிந்துரையும் ஒரு மன்னரின் மனமும் 1907-இல் செய்ததை, 1951 முதல் சட்டம் செய்யத் தொடங்கியது. தளேகாவ் தந்தையார் அறிய வேண்டுவது இதுவே. அவர் மகள் பெற்ற இடம் யாருடைய பிச்சையும் அன்று.

சட்டமும் காவலின்றி நில்லாது என்பதை அயல்நாடு காட்டுகின்றது. அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 1954-இல் தனிப்பள்ளி முறையைச் செல்லாது என்றது. 1978-இல், கல்லூரிச் சேர்க்கையில் தனி எண்ணிக்கை வைத்தல் ஆகாது, ஆனால் இனத்தையும் ஒரு கூறாகக் கருதலாம் என்றது. 2023 ஜூன் 29 அன்று, ஹார்வர்டு, வட கரோலினா பல்கலைக்கழகங்களின் வழக்கில், அங்ஙனம் கருதுவதையும் தடுத்தது. அங்குள்ள இரு பெருங்கட்சிகளும் இவ்விஷயத்தில் எதிரெதிராக நிற்கின்றன. நீதிபதிகளை நியமிப்பதே அங்குக் கட்சிப்போர். ஒரு தலைமுறை பெற்றதை மறுதலைமுறை இழக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

நமக்கும் அத்தகைய இழப்பு நேர்ந்தது. 1950-இல் வெளியான குடியரசுத் தலைவர் உத்தரவு, பஞ்சாபில் சில சீக்கிய வகுப்பினர் நீங்கலாக, இந்து சமயத்தாரையே தாழ்த்தப்பட்டோர் பட்டியலுக்கு உரியவராக்கிற்று. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பாபாசாகேப்போடு தம்மம் தழுவியவர்கள் மத்திய சட்டப்படி அவ்வுரிமைகளை இழந்தனர். இதனை அவர் அறியாதவர் அல்லர். முன்பு ஈட்டித் தந்த உரிமைகளை மீண்டும் ஈட்டித் தருவதாக அங்குக் கூடியோர்க்கு நம்பிக்கை அளித்தார். ஆனால் எட்டு வாரங்கள் நிறையுமுன், டிசம்பர் 6 அன்று, தில்லியில் மறைந்தார். மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்கள் தம்மளவில் சலுகை அளித்தனவேனும், மத்திய சட்டம் திருந்த 1990 வரை நாம் காத்திருக்க வேண்டியதாயிற்று. அதற்கிடையே எத்தனையோ தந்தைமார், உள்ளத்தில் புத்தரை வைத்துப் பள்ளி விண்ணப்பத்தில் வேறு சமயத்தை எழுதினர். அவர்களை நாம் இகழோம். அவ்வச்சம் இன்று வேண்டுவதில்லை. பௌத்தர் என்று எழுதுவதால் தாழ்த்தப்பட்டோர் பட்டியல் உரிமை போய்விடாது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் எடுத்துரைப்பது நம் கடமை.

வேறொரு கடமையும் உண்டு. மறைந்த அதே ஆண்டின் மார்ச் மாதத்தில் ஆக்ராவில் பேசியபோது பாபாசாகேப் மிக வருந்தினார். கற்று உத்தியோகம் பெற்றவர்கள் தம் வயிற்றை நிரப்பிக்கொண்டு, சேரியில் விட்டுவந்தவர்களை மறந்தார்கள் என்பது அவர் துயரம். பகைவர் கதவடைத்தபோது எழுந்து நின்று போராடியவர், உள்ளே சென்ற நம்மவர் திரும்பிப் பாராததற்கு மனம் கசந்தார். இச்சொல் நம்மை இன்றும் சுடவில்லையெனில் ஏப்ரல் 14 அன்று மாலை சூட்டுவதால் யாது பயன்?

பகவான் புத்தரின் சங்கத்திலும் ஒரு சேர்க்கை நிகழ்ந்தது. அனுருத்தர், ஆனந்தர் முதலிய சாக்கிய இளவரசர்களும், அவர்களுக்கு மயிர்வினை செய்த உபாலியும் ஒரே நாளில் துறவு வேண்டி வந்தனர். உபாலிக்கு முதலில் துறவளிக்குமாறு அவ்விளவரசர்களே வேண்டினர். முன்பு தமக்குப் பணி செய்தவரை மூத்தவராக ஏற்று வணங்கினால் தம் குலச்செருக்கு அடங்கும் என்பது அவர்கள் கருத்து. பகவானும் அவ்வாறே செய்தார். அன்று எவரும் உபாலியின் தகுதியை வினவவில்லை. பகவான் பரிநிர்வாணம் அடைந்தபின் இராஜகிருகத்தில் கூடிய முதல் சங்கத்தில் விநயம் முழுவதையும் ஓதி நிலைநாட்டியவர் அந்த உபாலியே. உள்ளே வந்தபின் வெளிப்பட்ட தகுதி அது. வாயிலில் வைத்து அளந்திருந்தால் சங்கத்தின் சட்டத்தைக் காத்தவரை நாம் இழந்திருப்போம். 282 மதிப்பெண்ணோடு நின்ற இளைஞருக்கு வாயில் திறவாதிருந்தால் இந்நாட்டின் சட்டத்தை வரைந்தவரை இழந்திருப்போம்.

ஆகவே தளேகாவ் மகளுக்கு நாம் கூறுவது இது. அம்மா, உன் இடம் உனக்குரியது. தலை நிமிர்ந்து அமர்வாயாக. கேலி செய்பவரை வெறுக்க வேண்டா; அவர்களும் ஒருநாள் உணர்வர். பாபாசாகேப் நூலகத்தில் அமர்ந்ததுபோல் நீயும் அமர்ந்து படி. வகுப்பில் வாய் திறந்து பேசு. தேறி வெளிவரும் நாளில், உனக்குப் பின்னால் தளேகாவிலோ தேகு ரோட்டிலோ நிற்கும் ஒரு சிறுமியின் கையைப் பற்றி உள்ளே அழைத்துச் செல்.

எல்லா உயிர்களும் இன்புற்று வாழ்க. சாது, சாது, சாது.